ஓடுவது யாருடைய குதிரை?

அனுமந்தையும் மரக்காணமும் சேர்ந்த உப்பளக் கரையில் வாழ்வோர்க்குக் குதிரைப் பந்தயம் தொலைவில் உள்ள செய்தி. கிண்டித் திடலின் ஆரவாரம் இங்கே கேட்பதில்லை. பந்தயக் குதிரை ஒன்றை வாங்கி வளர்க்கும் செல்வமும் இங்கே பலருக்கு இல்லை. ஆயினும் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய இலக்கியம் எழுப்பும் வினா ஒன்று இக்கரைக்கு மிக அண்மையில் நிற்கிறது. ‘என்னுடையது’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஓர் உயிர் தன் சொந்தக் கால்களில் ஓடத் தொடங்கும்போது, அச்சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சுகிறது? இளங்குதிரையின் முதல் ஓட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் உரிமையாளர் இவ்வினாவின் முன் நிற்கும் மனிதர். அவரை உலக இலக்கியம் எவ்வாறு பார்த்தது, நம் தமிழ் எவ்வாறு பார்த்தது என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த நிமிடத்தை விளங்கிக்கொள்வோம். பந்தயத்திற்கென வளர்க்கப்படும் உயர்குலக் குதிரைகள் யாவும், தந்தை வழியில், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டு வரப்பட்ட மூன்று கீழைநாட்டு ஆண்குதிரைகளின் வழித்தோன்றல்கள். தாய் யார், தந்தை யார், பாட்டன் எப்பந்தயத்தில் வென்றான் என்பதெல்லாம் ஏட்டில் பதியப்பட்டிருக்கும். குட்டி எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் நம் நாட்டில் ஜனவரி 1ஆம் நாளை வைத்தே அதன் வயது கணக்கிடப்படுகிறது. இரண்டு வயதானதும் ஓடத் தகுதி பெறுகிறது. அதற்குள் உரிமையாளர் செலவிட்ட பணம் கொஞ்சமன்று. காத்திருந்த காலமும் கொஞ்சமன்று. தீனி, லாயம், பயிற்சியாளர், மருத்துவர், குளம்புக்கு லாடம் அடிப்பவர் என ஒவ்வொன்றுக்கும் அவரே பொறுப்பு.

ஆனால் பந்தய நாளில் அவருக்குத் திடலில் இடமில்லை. குதிரையின் முதுகில் இருப்பவர் வேறொருவர். அதைப் பழக்கியவர் வேறொருவர். விடியுமுன் எழுந்து அதன் உடலைத் தேய்த்து, தண்ணீர் காட்டி, கால்களைத் தடவிப் பார்த்த லாயக்காரர் வேறொருவர். உரிமையாளருக்கு உரியதாக ஓட்டத்தில் பங்கேற்பது ஒன்றே ஒன்றுதான்: குதிரையோட்டி அணிந்திருக்கும் சட்டையின் நிறம். இன்னாருக்கு இன்ன நிறம் என்று பதிவு செய்யும் வழக்கம் 1762இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் தொடங்கியது. இத்தனை பொருளும் இத்தனை உரிமையும் இறுதியில் ஒரு துண்டு வண்ணத் துணியாகச் சுருங்கித் தூரத்தில் அசைகின்றன. உரிமை என்பதன் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது.

முதல் ஓட்டத்திற்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. குதிரைப் பந்தயம் சூதா, திறமையா என்னும் வழக்கு நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. 1974இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடை செய்யும் சட்டம் கொண்டு வந்தது. 1986இல் சென்னைப் பந்தயக் கழகத்தையே கையகப்படுத்த மற்றொரு சட்டம் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்றது. குதிரையின் பிறவித் திறன், பயிற்சி, குதிரையோட்டியின் ஆற்றல், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை அறிந்தவர் கணித்துச் சொல்ல முடியும் என்பது அதன் சாரம். சட்டத்தின் நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் முதல் ஓட்டத்திற்கு முன், குதிரை ஓடிய கணக்கு என்று எதுவும் ஏட்டில் இல்லை. காலைப் பயிற்சியில் தனியே ஓடியதை வைத்து, கூட்டத்தின் நடுவே எப்படி ஓடும் என்று எவராலும் உறுதி சொல்ல இயலாது. குலப்பெருமை அங்கே ஒரு வாக்குறுதி மட்டுமே. வாயில் திறக்கும் நொடியில் உரிமையாளரும் ஒன்றும் அறியாதவரே. அந்த அறியாமையில் அவர் குதிரையைப் பார்க்கிறாரா, தம்மையே பார்த்துக்கொள்கிறாரா என்பதுதான் இலக்கியம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை எல்லாரினும் ஆழமாகக் கேட்டவர் டால்ஸ்டாய். 1863இல் எழுதத் தொடங்கி, பல ஆண்டுகள் கிடப்பில் போட்டு, 1886இல் அவர் வெளியிட்ட ‘ஹோல்ஸ்தோமெர்’ என்னும் குறுநாவலில் கதை சொல்வது பெரும்பாலும் ஒரு கிழக்குதிரை. துணியை முழம் போட்டு அளப்பது போன்ற நீண்ட நடையால் அதற்கு அப்பெயர் அமைந்தது. உயர்குலத்தில் பிறந்தும் உடலெங்கும் திட்டுத் திட்டான நிறம் கொண்டதால் இகழப்பட்டு, பண்ணை அதிகாரி ஒருவரிடம் தள்ளிவிடப்படுகிறது. ஒரு நாள் அது பண்ணையின் பெருமையாகிய பிரபுவின் குதிரையோடு ஓட நேர்ந்து, அதனை முந்திவிடுகிறது. இதற்குப் பரிசு என்ன? பிரபுவின் காதுக்குச் செய்தி எட்டிவிடுமோ என்ற அச்சத்தில் அதை உடனே விற்றுவிடுகிறார்கள். வெல்லக் கூடாத குதிரை வென்றுவிட்டது. அதுவே அதன் குற்றம். திறமையைக் கண்டு மகிழத் தெரியாத உரிமையை டால்ஸ்டாய் இந்த ஒரே நிகழ்ச்சியில் நம் முன் நிறுத்துகிறார்.

பிறகு அது ஓர் இளம் படைத்தலைவனிடம் வருகிறது. அழகன், செல்வன், எவரையும் நேசிக்காதவன். ஆயினும் குதிரை அவனை நேசிக்கிறது. ஒரு பந்தயத்தில் அது வெல்ல, பலர் பெருந்தொகை கொடுத்து வாங்க முன்வருகிறார்கள். இது தனக்குக் குதிரையன்று, நண்பன் என்னும் பொருள்பட அவன் மறுத்துவிடுகிறான். அதே நாளில் அவனுடைய காதலி வேறொருவனோடு போய்விட்ட செய்தி கிடைக்கிறது. அவளைத் துரத்திப் பிடிக்க, நண்பன் என்று சொன்ன அக்குதிரையையே இருபத்தைந்து வெர்ஸ்ட் தொலைவு அடித்து விரட்டுகிறான். அன்றோடு அதன் கால்களும் வாழ்வும் கெடுகின்றன. பலர் அறிய நண்பன் என்று கூறும் வாயும், தன் ஆசை தடைப்பட்டவுடன் சாட்டையை எடுக்கும் கையும் ஒரே மனிதனுடையவை. ஆசிரியர் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. இரண்டு செயல்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். படைப்பாளியின் நேர்மை இதுதான்.

இக்கதையின் இதயம் ‘என்னுடையது’ என்ற சொல்லைக் குறித்து அக்குதிரை செய்யும் ஆராய்ச்சி. மனிதர் நிலத்தையும் வீட்டையும் குதிரையையும் தமது என்கின்றனர். ஆனால் தன்னைத் தமது என்றவர் பலர் தன் மீது ஏறியதே இல்லை. தனக்குத் தீனி வைத்தவரோ வேறு மனிதர்கள். ஆகவே அச்சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆசையன்றி உண்மையான செயல் எதுவும் இல்லை என்று அது முடிவு செய்கிறது. பழகிப்போன ஒன்றை முதன்முறை காண்பது போலக் காட்டுவதே கலையின் பணி என்ற தம் புகழ்பெற்ற கருத்தை 1917இல் முன்வைத்த ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்லோவ்ஸ்கி, இப்பகுதியை அதற்குச் சான்றாகக் காட்டினார். அவர் இதனை உத்தியின் வெற்றியாகக் கண்டார். நாம் இன்னும் ஒரு படி மேலே சென்று மனச்சான்றின் வெற்றியாகவும் காணலாம். பாத்தியின் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, வெயிலில் சேற்றை மிதித்து உப்பை வாரிக் குவிப்பவர் வேறொருவராக இருக்கும் ஊர்களில், அக்குதிரையின் கேள்வி ரஷ்ய நாட்டுக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

எனினும் டால்ஸ்டாயிடம் ஒரு குறை சொல்ல இடமுண்டு. அவருடைய உரிமையாளர்கள் பெரும்பாலும் வீணர்கள். உண்மையான அன்போடு வேலியோரம் நிற்கும் மனிதனுக்கு அக்கதையில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்ப முயன்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன். ‘ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1919இல் அவர் எழுதிய சிறுகதையில் குதிரைகளின் மீது தீராத காதல் கொண்ட ஒரு சிறுவன் பேசுகிறான். அவனுக்குக் காசு முக்கியமில்லை. நல்ல குதிரையைக் கண்டால் தொண்டை அடைக்கும். அதுவே அவனுடைய கணிப்பு. பந்தயத்திற்கு முன் ஒரு குதிரையின் அருகில் நிற்கும்போது அவனும் அதன் பயிற்சியாளரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். தன் பிள்ளையின் துணிவைக் காணும் தாயின் நிலையில் அந்த மனிதர் நிற்பதாகச் சிறுவனுக்குத் தோன்றுகிறது. இது முதல் ஓட்டத்தின் கதையன்று; ஆனால் முதல் ஓட்டத்தைப் பார்ப்பவரிடம் இருக்க வேண்டிய பார்வை இக்கதையில் உண்டு. அந்நிமிடத்தில் குதிரை எவருக்கும் சொந்தமில்லை. இருவருடைய வியப்புக்கும் உரியது.

அன்றிரவு சிறுவன் அதே மனிதரை ஒழுக்கங்கெட்ட ஒரு வீட்டின் சன்னல் வழியே காண்கிறான். அங்கே அவர், குதிரையை உருவாக்கியவன் நான், வென்றவன் நான் என்று பீற்றிக்கொள்கிறார். பகலில் குதிரையைப் பார்த்த அதே ஒளிவீசும் கண்களால் இரவில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். சிறுவனுக்கு உலகமே கசந்துபோகிறது. இக்கதையை இளமையின் ஏமாற்றம் என்று மட்டும் விளக்குவது போதாது என்பது என் கருத்து. அந்த மனிதர் அவ்வீட்டுக்குப் போனது சிறுவனை வருத்தியது உண்மை. ஆனால் அதற்கு முன்னரே அவர் குதிரையின் ஓட்டத்தைக் குதிரையிடமிருந்து பறித்துக்கொண்டார். ‘அது ஓடியது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நான் வென்றேன்’ என்றார். களவு அந்த ஒரு சொல்லில் நடந்துவிட்டது.

ஆண்டர்சனின் கதையில் குதிரையின் வெற்றி களவு போகிறது, டி.எச். லாரன்ஸின் கதையில் குதிரையே காணாமற் போகிறது. 1926இல் வெளியான ‘ஆடுகுதிரை’க் கதையில், பணம் போதவில்லை, பணம் போதவில்லை என்று ஒரு வீட்டின் சுவர்களே முணுமுணுக்கின்றன. அவ்வீட்டுச் சிறுவன் தன் மரக்குதிரையில் வெறிகொண்டு ஆடி, வெல்லப்போகும் குதிரையின் பெயரை அறிகிறான். தாய் மகிழ வேண்டும் என்பதே அவன் ஏக்கம். இறுதியில் ‘மலபார்’ என்ற பெயரைக் கண்டு சொல்லிவிட்டு நோயில் விழுகிறான். மலபார் வெல்கிறது, எண்பதாயிரம் பவுனுக்கு மேல் சேர்கிறது, சிறுவன் இறந்துபோகிறான். நம் மேற்குக் கரையின் பெயர் தாங்கிய அக்குதிரையை வாசகன் ஒரு முறைகூடக் கண்ணால் காண்பதில்லை. அதன் நிறம் என்ன, எப்படி ஓடியது, ஓடி முடித்து எப்படி மூச்சு வாங்கியது, எதுவும் நமக்குத் தெரியாது. இது ஆசிரியரின் மறதியன்று, திட்டமிட்ட இன்மை. பணத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு முதலில் மறைவது குதிரை. அடுத்து மறைவது பிள்ளை. இந்த வரிசையை லாரன்ஸ் கண்டுகொண்டார்.

இனி நம் தமிழுக்கு வருவோம். குதிரை நம் கரைக்குக் கடல் வழியே வந்த விருந்தாளி. பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை. இரண்டிலும் மரக்கலங்களில் வந்த குதிரைகள் உண்டு. முன்னதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறையில் வெண்பிடரிக் குதிரைகளைக் கொண்டு வந்த நாவாய்கள் நிற்கின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை அறிஞர்கள் நம் மரக்காணப் பகுதியோடு பொருத்திக் காட்டியுள்ளனர். ஆகவே இக்கரைக்குக் குதிரை முற்றிலும் அன்னியமன்று.

அதைவிடச் சிறப்பானது நெய்தல் பாடல்களில் உள்ள பார்வை. தலைவன் உப்பங்கழியைக் கடந்து தேரேறித் தலைவியைக் காண வருகிறான். அவன் கண்ணில் காதல் மட்டுமே இருக்கிறது. ஆனால் தோழியின் கண்ணில் வேறொன்றும் படுகிறது. அகநானூற்று நெய்தல் பாடல் ஒன்றில், தேரிழுத்து வந்த அத்திரியின் காலில் கழியிலுள்ள சுறா தாக்கிய புண் இருக்கிறது. அது ஓடி ஓடி மெலிந்துபோயிருக்கிறது. இரவில் திரும்பிப் போகாமல் எம்மூரில் தங்கினால் என்ன என்று அதனைக் காட்டியே தோழி கேட்கிறாள். தலைவியின் நலம் கருதிய பேச்சுத் திறம் அது என்று உரையாளர் சொல்வர், சரியே. ஆயினும் அப்பேச்சுக்குக் கருவியாக வந்தது விலங்கின் புண் அன்றோ? உரியவன் காணாததை அருகில் நின்றவள் கண்டாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இக்கரைப் பாட்டு, விலங்கின் காலை உற்றுப் பார்க்கத் தெரிந்த பாட்டு.

அந்தக் கண் நம் தற்கால எழுத்தில் மங்கிவிட்டது என்பதே என் முறையீடு. கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்ததாகக் கூறுவர். சென்னைப் பந்தயக் கழகம் 1896இல் அமைந்தது. செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமி (1931–2015) போன்ற, இந்தியா முழுதும் பெயர் பெற்ற குதிரை உரிமையாளர் நம்மிடையே வாழ்ந்தார். 2024 செப்டம்பரில் அரசு 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து வாயிலுக்கு முத்திரையிட்டபோது, நிலத்தைப் பற்றியும் வாடகை நிலுவையைப் பற்றியும் நிறையப் பேசினோம். அப்பேச்சு தேவையானதே. ஆனால் இத்தனை நெடிய வரலாற்றில் ஓர் இளங்குதிரையின் ஓட்டம் நம் உரைநடையில் எத்தனை முறை உயிரோடு வந்திருக்கிறது? நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் பந்தயத் திடல் பெரும்பாலும் குடும்பத் தலைவன் சம்பளத்தைத் தொலைக்கும் இடம். தாலி அடகுக்குப் போகும் கதையின் முதல் காட்சி. அந்த எச்சரிக்கை தேவைதான். பந்தயத்தால் அழிந்த வீடுகள் பொய்யல்ல. ஆனால் அக்காட்சிகளில் நாம் காண்பது கிழிந்த சீட்டை மட்டுமே. குதிரை பின்னணியில் தூசியாகப் போய்விடுகிறது. கண்டிக்கும் எழுத்தும், கண்டிக்கப்படும் சூதாடியைப் போலவே, குதிரையைக் காணாமல் விட்டுவிடுகிறது. இது சிறிய குறையன்று.

செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குதிரை இல்லாதவர் வீட்டிலும் முதல் ஓட்டம் உண்டு. புதுப் படகைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நிற்பவருக்கு உண்டு. மேடையேறும் பிள்ளையைக் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் தாய்க்கு உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, அரசுப் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அன்று பெற்றோர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அதிக மதிப்பெண் வந்தால் ‘நான் படிக்க வைத்தேன்’ என்ற பேச்சு. குறைந்தால் ‘என் மானம் போயிற்று’ என்ற பேச்சு. இரண்டிலும் ஓடிய பிள்ளை எங்கே? ஆண்டர்சனின் பயிற்சியாளர் நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார். லாரன்ஸின் முணுமுணுக்கும் சுவர்கள் நம் வீட்டிலும் எழும்பியிருக்கின்றன. தேர்வு முடிவைத் தாங்க இயலாது உயிரை விட்ட இளையோரின் செய்தியைப் படித்தவர்க்கு இது மிகையாகத் தோன்றாது.

உரிமையாளரை முற்றிலும் பழிப்பதும் நீதியாகாது. இரண்டாண்டு காத்திருந்து, பொருள் செலவிட்டு, பயன் உறுதியில்லாத ஒன்றின் மீது நம்பிக்கை வைப்பது சிறிய செயலன்று. அவர் இல்லையேல் அக்குதிரை திடலுக்கே வந்திராது. கொடுத்தவர்க்கு மகிழ உரிமையுண்டு. ஆனால் கொடுத்ததையே காரணமாக்கி, ஓடியதன் புகழைத் தமதாக்கிக்கொள்ள உரிமையில்லை. தோற்ற குதிரையை அன்று மாலையே விற்பனைக்கு அனுப்புபவரும், லாயத்துக்குச் சென்று அதன் காலைத் தடவிப் பார்ப்பவரும் ஒரே அளவு பணம் செலவிட்டவராக இருக்கலாம். இருவரும் உரிமையாளர் என்றே அழைக்கப்படலாம். அவர்களுக்கிடையே உள்ள தூரத்தை எழுதுவதே எழுத்தாளன் கடமை.

விவிலியத்தைப் பயில்வோர்க்கு யோபு நூலின் 39ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். குதிரைக்கு வலிமை அளித்தது நீயோ என்று அங்கே மனிதன் வினவப்படுகிறான். பிடரியும், கனைப்பும், தரையைக் குளம்பால் கிளறும் ஆவலும் அங்கே வருணிக்கப்படுகின்றன. இலக்கியமாக மட்டும் நோக்கினும் அது வியப்புக்குரியது. ஏனெனில் அவ்வருணனையில் குதிரைக்குச் சொந்தக்காரன் என்று எவனும் இல்லை. குதிரை இருக்கிறது, அதன் ஆற்றல் இருக்கிறது, அதைக் கண்டு வாயடைத்து நிற்கும் மனிதன் இருக்கிறான். அவ்வளவே.

முதல் ஓட்டத்தைப் பற்றித் தமிழில் நல்ல கதை ஒன்று எழுதப்படுமாயின், அது வெற்றியில் முடிகிறதா தோல்வியில் முடிகிறதா என்பது பெரிதன்று. எல்லைக்கம்பத்தைக் குதிரைகள் கடந்த பின், வேலியோரம் நிற்கும் அந்த மனிதர் முடிவுப் பலகையைப் பார்க்கிறாரா, வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கி நிற்கும் தம் குதிரையைப் பார்க்கிறாரா என்பதை அக்கதை கண்டு சொன்னால் போதும். நெய்தல் தோழி அத்திரியின் புண்ணைக் கண்டாள். அவள் பிறந்த மொழியில் எழுதுகிறவர்க்கு அது இயலாத செயலன்று.